வேகத்துக்கு முத்திரை உண்டு, ஆயுளுக்கு இல்லை

எஸ்.டி. கார்டின் முகப்பில் அச்சிட்டிருக்கும் குறிகளில் பெரும்பாலானவை வேகத்தைப் பற்றியவை. வட்டத்துக்குள் 10 என்று இருந்தால் நொடிக்கு 10 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும். வி30 என்றால் 30. வி90 என்றால் 90. ஏ1 என்ற குறி, நொடிக்கு 1,500 சிறு வாசிப்புகளையும் 500 சிறு பதிவுகளையும் சமாளிக்கும் என்று உறுதி தருகிறது. இவை வரையறை உள்ள குறிகள், அளந்து சரிபார்க்கக்கூடியவை. 2000-இல் அமைந்த எஸ்.டி. அசோசியேஷன் இந்த ஒரு துறையில் செய்திருப்பது நேர்த்தியான வேலை. ஆனால், கார்டு எத்தனை முறை எழுதி அழிப்பதைத் தாங்கும் என்ற கேள்விக்கு அந்த முகப்பில் இடமே ஒதுக்கப்படவில்லை. கார்டு ரீடருக்கோ இத்தகைய வரையறை உள்ள குறிகளும் இல்லை. யு.எஸ்.பி. வேகம் ஒன்றைப் பெட்டியில் பெரிதாகப் போட்டுவிட்டால் அதன் தகுதி முழுவதும் சொல்லப்பட்டதாகக் கருதிவிடுகிறோம்.

அளவுகோல் இல்லாத இடத்தில் வாய்வழி விதிகள் குடியேறிவிட்டன. அடிக்கடி ஃபார்மேட் செய்தால் கார்டு சீக்கிரம் போய்விடும் என்பது ஒன்று. படிக்கப் படிக்கத் தேயும் என்பது இன்னொன்று. ரீடர் எதுவாக இருந்தாலும் கார்டு தெரிந்தால் போதும் என்பது மூன்றாவது. அதிகச் சேதம் விளைவிப்பதும் இதுதான். என் வாதம் இது: புகைப்படக்காரர் கார்டின் உள்தேய்மானத்துக்கு அஞ்சுகிறார், அவருக்கு உண்மையான ஆபத்து கார்டிலிருந்து கணினிக்குப் படம் போகும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. வண்டியில் டேஷ்கேம் வைத்திருப்பவர் எதற்கும் அஞ்சுவதில்லை. உள்தேய்மானம் தின்பது அவருடைய கார்டைத்தான்.

உள்தேய்மானத்தின் இயல்பை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். டோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகத்தின் அடிப்படை இன்றும் மாறவில்லை. மெல்லிய ஆக்சைடு காப்புப் படலத்தின் ஊடாக எலக்ட்ரான்களை உள்ளே தள்ளினால் எழுதியதாகும். வெளியே இழுத்தால் அழித்ததாகும். தள்ளும்போதும் இழுக்கும்போதும் அந்தப் படலம் சிறிது சிதைகிறது. ஒரு செல்லில் ஒரே பிட் வைத்த பழைய எஸ்.எல்.சி. வகை ஏறக்குறைய 1,00,000 எழுதி-அழிக்கும் சுற்றுகள் தாங்கியது. மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. 1,000 முதல் 3,000 வரை தாங்கும். கொள்ளளவு பெருகி விலை குறைந்ததற்கு நாம் கொடுத்த விலை இந்தத் தாங்குதிறன். படிப்பதில் இந்தச் சிதைவு பொருட்படுத்தத்தக்கதல்ல. கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மேட், கோப்பு அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. கார்டு முழுவதையும் எழுதுவதில்லை. ஆக, முதல் இரண்டு வாய்வழி விதிகளும் நிற்கவில்லை.

இனி கணக்கு. ஆண்டுக்கு எண்பது கல்யாணம் எடுக்கும் ஒருவர் ஒவ்வொரு கல்யாணத்திலும் 128 ஜி.பி. கார்டு ஒன்றை முழுதாக நிரப்புகிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு எண்பது சுற்று. டி.எல்.சி.யின் கீழ் எல்லையான 1,000-ஐ எடுத்துக்கொண்டாலும் 12 ஆண்டுக்கு மேல் வருகிறது. கார்டின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர், கோப்புகளை இடம் மாற்றும்போது கூடுதலாக எழுதும். அதற்காகப் பாதியைக் கழித்தாலும் ஆறு ஆண்டு. அதற்குள் அவர் கேமராவையே மாற்றியிருப்பார். பெரிய கோப்புகளை வரிசையாக எழுதி, மொத்தமாக அழிப்பது ஃபிளாஷுக்கு மிக இதமான பயன்பாடு.

டேஷ்கேம் கணக்கு வேறு. முழு எச்.டி. காட்சியை நொடிக்கு 26 மெகாபிட் வீதத்தில் பதிந்தால் மணிக்கு 11.7 ஜி.பி. எழுதப்படும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் டாக்ஸியில் அது ஆண்டுக்கு 51 டி.பி.யைத் தாண்டும். அந்த வண்டியில் 32 ஜி.பி. கார்டைப் போட்டால் ஆண்டுக்கு 1,600 முறை முழுதாக எழுதி அழிக்கப்படும், சாதாரண டி.எல்.சி. கார்டு ஓராண்டைத் தாண்டுவது அரிது. அதே வண்டியில் 256 ஜி.பி. கார்டு இருந்தால் 200 முறைதான். டேஷ்கேமுக்குச் சின்ன கார்டு போதும், பழைய காட்சி தானாக அழிந்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரிகிறது. தானாக அழிவதுதான் தேய்மானம். இதற்கு எதிர்ப்புறமாக, வீட்டு வாசலில் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் வைஃபை கேமரா நொடிக்கு 2 மெகாபிட் மட்டும் எழுதுமானால், 128 ஜி.பி. கார்டு நிரம்ப ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். ஆண்டுக்கு அறுபது சுற்றுச் சொச்சம்தான். ஓடும் நேரத்தை மட்டும் வைத்து ஆயுளை மதிப்பிடுவது முறையல்ல; நொடிக்கு எவ்வளவு எழுதப்படுகிறது, கார்டு எவ்வளவு பெரியது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சந்தையில் 'எண்டூரன்ஸ்' என்ற பெயருடன் வரும் கார்டுகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். இவற்றின் நிறை என்னவென்றால், ஆயுளை எண்ணால் சொல்லத் துணிந்தவை இவை. சான்டிஸ்க் ஹை எண்டூரன்ஸ் 128 ஜி.பி.க்கு 10,000 மணி நேரம் என்கிறது. அதே நிறுவனத்தின் மேக்ஸ் எண்டூரன்ஸ் 60,000 மணி நேரம் என்கிறது. சாம்சங் ப்ரோ எண்டூரன்ஸ் 256 ஜி.பி.க்கு 1,40,160 மணி நேரம், அதாவது 16 ஆண்டு, என்று அறிவிக்கிறது. மூன்றுக்கும் அடிப்படை அந்த 26 மெகாபிட் முழு எச்.டி. பதிவுதான். மணி நேரத்தைச் சுற்றாக மாற்றினால் உண்மையான ஒப்பீடு கிடைக்கிறது: முதலாவது ஏறக்குறைய 910 சுற்று, இரண்டாவது 5,480, மூன்றாவது 6,400. முதலாவதன் உறுதிமொழி, சாதாரண டி.எல்.சி. செல்லின் கீழ் எல்லையைக்கூடத் தொடவில்லை. கன்ட்ரோலரின் கூடுதல் எழுதலைக் கழித்த பிறகு தரப்படும் உறுதி என்று அதற்காகப் பேசலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் ஒரே அலமாரியில், ஒரே நிறுவனத்தின், கிட்டத்தட்ட ஒரே பெயர் கொண்ட இரண்டு கார்டுகளுக்கு இடையில் ஆறு மடங்கு இடைவெளி இருப்பது அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தெரியக்கூடியதல்ல. பன்னிரண்டு மணி நேர டாக்ஸியில் ஹை எண்டூரன்ஸ் 32 ஜி.பி. கார்டின் 2,500 மணி நேரம் ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும்.

மணி நேரம் என்ற அலகே ஒரு குறைபாடு. பயனருக்கு எளிதில் புரிகிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் 4கே கேமரா நொடிக்கு 60 மெகாபிட் எழுதினால் 1,40,160 மணி நேரம் 60,000 சொச்சமாகச் சுருங்கிவிடும். பெட்டியில் எண் மட்டும் மாறாமல் நிற்கும். எஸ்.எஸ்.டி. தயாரிப்பாளர்கள் மொத்தம் எத்தனை டி.பி. எழுதலாம் என்று வெளியிடுகிறார்கள். கார்டுக்கும் அதே அலகு வந்தால் யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்காது. வாரன்டியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: 16 ஆண்டு ஆயுள் சொல்லும் கார்டுக்கு அதிகபட்ச வாரன்டி 5 ஆண்டு. தொடர்பதிவு கேமராவில் போட்டால் சாதாரண கார்டின் வாரன்டி செல்லாது என்று சிறிய எழுத்தில் சொல்லும் விதிகளும் உண்டு. அந்தச் சிறிய எழுத்துத்தான், அந்தக் கார்டின் தாங்குதிறன் பற்றித் தயாரிப்பாளர் வெளிப்படையாகத் தரும் ஒரே வாக்குமூலம். வாங்கும் முன் அதைப் படியுங்கள்.

ஏ1, ஏ2 குறிகள் நீடித்த ஆயுளைக் குறிக்கின்றன என்ற மயக்கமும் பரவலாக இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிகளில் இயங்குதளமே கார்டில் இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் பதிவேட்டுக் கோப்புகள் எழுதப்படுகின்றன. அங்கே ஏ1 கார்டு வேகமாக ஓடும். நீண்ட நாள் ஓடும் என்று அந்தக் குறி எங்கும் சொல்லவில்லை. சிறு பதிவுகள் எவ்வளவு கொடியவை என்பதற்கு டெஸ்லாவின் வரலாறு சான்று. 2012 முதல் 2018 வரை வந்த மாடல் எஸ், 2016 முதல் 2018 வரை வந்த மாடல் எக்ஸ் கார்களின் திரைக்கணினியில் 8 ஜி.பி. ஃபிளாஷ் இருந்தது. அதன் தாங்குதிறன் 3,000 சுற்று. அன்றாடப் பதிவுகளே ஐந்தாறு ஆண்டில் அதைத் தீர்த்துவிடும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணித்தது. 2021-இல் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அது கழற்ற முடியாதபடி சர்க்யூட்டில் பற்றவைத்த சிப். அதோடு ஒப்பிட, கழற்றி மாற்றக்கூடிய கார்டு நமக்குக் கிடைத்த பெரிய வசதி. மாற்ற வேண்டிய நாளை அறிவிக்கச் சாதாரண கார்டில் எந்த ஏற்பாடும் இல்லை என்பது அந்த வசதியின் குறை.

இந்த இடத்தில்தான் ரீடர் விவாதத்துக்குள் வருகிறது. ஒவ்வொரு எஸ்.டி. கார்டுக்குள்ளும் தயாரிப்பாளர் குறியீடு, வரிசை எண், தயாரித்த மாதம் முதலியவை பதிந்த ஒரு பதிவேடு உண்டு. மடிக்கணினியின் உள்ளேயே அமைந்த சில ரீடர்களில், லினக்ஸ் வழியாக அதை நேரடியாகப் படிக்க முடியும். யு.எஸ்.பி. ரீடர் கார்டைப் பொதுவான சேமிப்புப் பெட்டியாக மாற்றிக் காட்டுகிறது. அந்த அடையாளத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான கார்டுகள் தம் தேய்மான அளவைத் தனிக் கட்டளை ஒன்றின் மூலம் சொல்லக்கூடியவை, சாதாரண யு.எஸ்.பி. ரீடர்கள் அந்தக் கட்டளையையும் கடத்துவதில்லை. போலி கார்டு பெருகிய காலத்தில் இது சிறிய இழப்பல்ல. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதிப் படித்து, சொன்ன கொள்ளளவு உண்மையில் இருக்கிறதா என்று காட்டிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு சுற்று. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், புதுக் கார்டை முதல் வேலைக்குக் கொண்டுபோகும் முன் இதைச் செய்யாமல் இருக்க எந்த நியாயமும் இல்லை.

செருகி எடுப்பதால் வரும் வெளித்தேய்மானத்தில் எண்கள் நமக்குச் சாதகமாகவே இருக்கின்றன. எஸ்.டி. வரையறைப்படி கார்டு 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும். யு.எஸ்.பி.-சி இணைப்பிக்கும் அதே 10,000. பழைய செவ்வக யு.எஸ்.பி.-ஏ இணைப்பிக்கு அடிப்படை வரையறை 1,500 மட்டுமே. அதனால் கார்டு, ரீடர், கணினி என்ற சங்கிலியில் எண்ணிக்கையளவில் மிக மெலிந்த கண்ணி அதுதான். ஆனால் இந்த எண்கள் சுத்தமான தொடுமுனையை நேராகச் செருகும் சோதனைக்கூடத்தில் கிடைப்பவை. தூசியும் வியர்வையும் படும் மண்டபத்தில், அவசரத்தில் சாய்த்துச் செருகும் கைக்கு அவை பொருந்தா.

சேதம் எங்கே விழுகிறது என்பது கார்டின் வடிவமைப்பைப் பொறுத்தது. 1994-இல் வந்த காம்பாக்ட்ஃபிளாஷில் ஐம்பது ஊசிமுனைகள் கேமராவுக்குள்ளும் ரீடருக்குள்ளும் நின்றன, கார்டில் துளைகள்தான். ஊசி ஒன்று வளைந்தால் கேமரா சர்வீஸுக்குப் போக வேண்டும். எஸ்.டி. கார்டில் தொடுமுனைகள் தட்டையானவை. வில்தன்மை கொண்ட தகடுகள் ரீடரில் இருக்கின்றன. தளர்வது மலிவான உறுப்பாக அமைந்தது சிறந்த வடிவமைப்பு முடிவு. ஆனால் தொடுமுனைகளுக்கு இடையே நிற்கும் மெல்லிய பிளாஸ்டிக் வரப்புகள் எளிதில் உடையும். உடைந்த துண்டு ஸ்லாட்டுக்குள் சிக்கினால் கேமராவுக்கும் ஆபத்து. 2018-இல் சோனி வெளியிட்ட டஃப் வரிசை இந்த வரப்புகளையும், பக்கவாட்டுப் பூட்டையும் நீக்கி, ஒரே வார்ப்பாகக் கார்டைச் செய்தது. எஸ்.டி. வடிவத்தின் குறையைச் சரியாகக் கண்டறிந்த திருத்தம் அது. விலை அதிகம், அதே நேரத்தில் பூட்டை இழந்ததும் ஓர் இழப்பே.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பயன் பலருக்குத் தெரியாது. 'லாக்' பக்கம் நகர்த்தினால் கார்டுக்குள் எதுவும் மாறுவதில்லை. ரீடரில் உள்ள ஒரு சிறு சுவிட்ச் அதன் நிலையை உணர்ந்து எழுதுவதைத் தடுக்கிறது. சுவிட்ச் தேய்ந்த ரீடர், பூட்டாத கார்டையும் பூட்டியதாகச் சொல்லும். கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன் ரீடரை மாற்றிப் பாருங்கள். பூட்டின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. கார்டைக் கணினியில் செருகியதும் மேக் தன் தேடல் அட்டவணையையும், விண்டோஸ் தன் அமைப்புக் கோப்புறையையும் நாம் கேட்காமலே அதில் எழுதுகின்றன. இணைப்பு தளர்ந்த ரீடரில் அந்த நொடியில் மின்சாரம் அறுந்தால் கோப்பு அட்டவணை சிதையும். படங்கள் செல்களில் இருந்தபோதும் காணாமல் போகும். புகைப்படக்காரரின் ஆபத்து என்று தொடக்கத்தில் சொன்னது இதுவே. பூட்டிய கார்டை நல்ல ரீடரில் செருகிப் படங்களை நகலெடுத்து, சரிபார்த்து, பிறகு கேமராவில் ஃபார்மேட் செய்யும் ஒழுங்கு இந்த வாசலை முழுதாக அடைத்துவிடுகிறது.

ரீடரின் வேகத்தைப் பொறுத்தவரை, கேட்க வேண்டியது பொருத்தம் மட்டுமே. யு.எஸ்.பி. 2.0 ரீடர் நடைமுறையில் நொடிக்கு 35 மெகாபைட் தருகிறது, 128 ஜி.பி.க்கு ஒரு மணி நேரம். யு.எச்.எஸ்-1 என்ற இணைப்பு வகைக் கார்டும் யு.எஸ்.பி. 3 ரீடரும் சேர்ந்தால் ஏறக்குறைய 90; இருபத்துநான்கு நிமிடம். யு.எச்.எஸ்-2 கார்டின் பின்புறம் இரண்டாவது வரிசைத் தொடுமுனைகள் உண்டு. அதே வரிசை ரீடரிலும் இருந்தால் 250-ஐத் தொட்டு, ஒன்பது நிமிடத்துக்குள் முடியும். கார்டில் 170, 200 என்று எழுதியிருந்து யு.எச்.எஸ்-1 குறி மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. யு.எச்.எஸ்-1 வரையறையின் உச்சம் 104. அதற்கு மேலே சொல்லப்படும் வேகம் தயாரிப்பாளரின் சொந்த முறை. அதை அறிந்த ரீடரில் மட்டும் கிடைக்கும். பொய்யில்லை, ஆனால் பொதுத் தரம் என்ற கோட்டுக்கு வெளியே நிற்கும் கூற்று. யு.எச்.எஸ்-2 ரீடரில் வேகம் திடீரென 90-க்கு இறங்கினால், இரண்டாவது வரிசைத் தொடுமுனை விட்டுப்போயிருக்கக்கூடும். எந்த அறிவிப்பும் இன்றிக் கார்டு பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறது. ரீடரின் தேய்மானத்தைப் பயனருக்குக் காட்டும் அளவுமானி இது ஒன்றுதான். அவ்வப்போது வேகத்தைக் கவனிப்பது நல்ல பழக்கம்.

பல வகைக் கார்டுகளை ஒரே பெட்டியில் ஏற்கும் ரீடர்கள் வசதியானவை. பழைய ஆவணங்களை மீட்பவருக்கு அவை இன்றியமையாதவை. அன்றாடத் தொழிலுக்கு அவை ஏற்றவையல்ல: பயன்படாத ஸ்லாட்டுகள் தூசிக்கு வாசல், பல ஸ்லாட்டுகள் ஒரே கன்ட்ரோலரைப் பங்கிட்டால், இரண்டு கார்டை ஒரே நேரம் நகலெடுக்கையில் வேகம் குறையும். மைக்ரோ எஸ்.டி.யை எஸ்.டி. உறைக்குள் போட்டு ரீடரில் செருகுவது, ஒரு தொடுமுனை வரிசைக்குப் பதில் இரண்டை நம்புவது; நேரடியாக மைக்ரோ ஸ்லாட் உள்ள ரீடரே மேல். மின்சாரம் தனியாக இல்லாத ஹப் வழியாக ரீடரை இணைப்பதும் அப்படியே தவிர்க்கத்தக்கது. கேமராவிலேயே கேபிள் செருகி நகலெடுப்பவர்கள் கார்டு ஸ்லாட்டைக் காக்கிறார்கள், ஆனால் கேமரா போர்டில் பற்றவைத்த யு.எஸ்.பி. வாயைப் பணயம் வைக்கிறார்கள். நூறு மடங்கு மலிவான ரீடர் தேயட்டும் என்பதே என் தேர்வு.

முடிவு. தொழில்முறைப் புகைப்படக்காரருக்கு: கேமரா யு.எச்.எஸ்-2 ஏற்குமானால் அதே வரிசை கொண்ட, ஒன்றிரண்டு ஸ்லாட்டோடு, கழற்றி மாற்றக்கூடிய யு.எஸ்.பி.-சி கேபிளும் உலோக உடலும் உள்ள ரீடர், கேமரா யு.எச்.எஸ்-1 என்றால் அதற்கு மேல் செலவு வீண். கார்டு தளர்ந்து உட்காரும் நாளிலேயே ரீடரை மாற்றுங்கள், கார்டைவிட ரீடரை அடிக்கடி. டேஷ்கேமுக்கு: மணி நேரத்தைச் சுற்றாக மாற்றிப் பார்த்து 5,000-க்கு மேல் வரும் கார்டு, 128 ஜி.பி.க்குக் குறையாமல். சாதாரண டி.எல்.சி. கார்டை அங்கே பரிந்துரைக்க முடியாது. கார்டுக்கு மொத்த எழுதல் அளவை டி.பி.யில் அச்சிட எஸ்.டி. அசோசியேஷன் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை ஹை எண்டூரன்ஸ் என்ற சொல்லை ஆயுளுக்கான சான்றாக ஏற்க வேண்டாம்.